அனானியின் கையெழுத்து

ஆயிரத்து எழுநூற்று இருபது ரூபா.

காத்தான்குடியில் மின்ஹாஜ் நடத்தும் நெட் கபேயில், ஓரம் கிழிந்த நீலக் கொப்பியில், இளையதம்பி பிரஷாந்தி என்ற பெயருக்கு நேரே அந்தத் தொகை நின்றது. மணித்தியாலத்துக்கு நாற்பது ரூபா. அப்படியென்றால் நாற்பத்து மூன்று மணித்தியாலம். அவ்வளவு நேரமும் அவள் வலைப்பதிவு எழுதினாள் என்று சொன்னால் அவள் ஊரான செட்டிபாளையத்தில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். மற்றப் பாதிக்கு வலைப்பதிவு என்றால் என்னவென்றே தெரியாது.

வியாழன் பின்னேரம் மின்ஹாஜ் தன்மையாகத்தான் சொல்லியிருந்தான், கணக்கில் பாதியாவது கட்டினால்தான் இனிக் கணினி திறக்கலாம் என்று. நல்ல பொடியன். இவ்வளவு நாள் பொறுத்ததே பெரிய காரியம்.

பிரஷாந்தியின் வலைப்பதிவுக்குப் பெயர் 'கண்ணாக்காடு'. வாவிக்கரைச் சேற்றில் வேரை விரித்துக்கொண்டு நிற்கும் கண்ணா மரங்களை நினைத்து வைத்த பெயர். வெள்ளிக்கு வெள்ளி ஒரு பதிவு. பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வருகிற சம்பளம் சோப்புக்கும் பஸ்ஸுக்கும் சரியாய்ப் போய்விடும். என்றாலும் எண்பத்தாறு வெள்ளிக்கிழமை அவள் தவறவில்லை. சண்டை நடந்த காலத்திலும் எழுதினாள், சண்டை முடிந்து பத்து மாதம் ஆன பிறகும் எழுதினாள். அலுமாரிக் கதவில் தனக்குத் தானே ஒரு கடதாசி எழுதி ஒட்டியிருந்தாள். 'வெள்ளி தவறாதே. எண்ணிக்கை பார்க்காதே. ஒருவர் வாசித்தாலும் எழுது.' இதில் நடுவில் இருப்பதை மட்டும் அவள் ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை. எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைத்தான் கணினியைத் திறந்ததும் முதலில் பார்ப்பாள்.

அந்தக் கடதாசியைத் தினமும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒருத்தி அதே வீட்டில் இருந்தாள். அவள்தான் மூத்தவள் புஸ்பம்.

புஸ்பத்துக்கு முப்பத்தாறு வயது. தங்கச்சியைவிடப் பன்னிரண்டு வயது மூப்பு. கட்டினவன் எப்போதோ விட்டுப் போய்விட்டான். சீமெந்துக் கல் செய்யும் வாடியில் நாளுக்கு நானூற்றைம்பது ரூபாவுக்கு வேலை. கையெல்லாம் சீமெந்து தின்று வெடித்துக் கிடக்கும். சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்தபோது, கூடாரத்துக்குள் நடந்த பெரியவர்களுக்கான வகுப்பில் முப்பத்தோராம் வயதில்தான் எழுத்துப் படித்தாள். நிவாரணப் படிவத்தில் பெருவிரலை மையில் அமுக்கி வைத்தவள், ஆறு மாதம் கழித்து வந்த படிவத்தில் 'இளையதம்பி புஸ்பம்' என்று பத்து எழுத்தையும் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்குத் தொடங்கிய கிறுக்கு. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் சுருக்கிப் போடமாட்டாள். பின்னால் ஆட்கள் நின்றாலும் நின்றுகொள்ளட்டும் என்று பத்தையும் எழுதிவிட்டுத்தான் பேனையைக் கொடுப்பாள்.

பின்னேரம் இறால் உரிக்கும்போது கதை சொல்வது புஸ்பம். பக்கத்தில் இருந்து கேட்பது பிரஷாந்தி. வெள்ளிக்கிழமை அது 'கண்ணாக்காடு' ஆகிவிடும். வெள்ளம் வடிய ஆற்றுவாய் வெட்டின கதை, சோதனைச் சாவடியில் மீன் கூடையைக் கொட்டிப் பார்த்த கதை எல்லாம் அப்படிப் போனவைதான். இதெல்லாம் புஸ்பத்துக்கு உறைக்கவே இல்லை, ஒரு மாதத்துக்கு முன்பு வாடியில் கூட வேலை செய்கிறவள் வந்து சொல்லும் வரைக்கும். கனடாவில் இருக்கிற தன் அண்ணன், பிரஷாந்தி எழுதியதை வாசித்து அழுதானாம். தாயின் கையைச் சுனாமி வெள்ளத்தில் விட்ட பாவத்தை அந்தப் பிள்ளை எப்படித்தான் சுமக்கிறாளோ என்று கேட்டானாம்.

புஸ்பத்தின் கையில் இருந்த கல் அச்சு நழுவிக் காலில் விழுந்தது. தாயின் கையை விட்டவள் அவள்தான். பிரஷாந்தி அன்றைக்கு ஊரிலேயே இல்லை. நாவற்குடாவில் ஒரு வீட்டில் தங்கி ரியூசன் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரமே புஸ்பம் வாயை மூடிக்கொண்டாள். சொல்ல வந்த மிச்சக் கதையையும் சொல்லவில்லை. இறால் உரிபட்டது, கதை இல்லை. பிரஷாந்தி இரண்டு வெள்ளிக்கிழமை எழுத ஒன்றுமில்லாமல் கணினி முன்னால் குந்தியிருந்துவிட்டு வந்தாள். அந்த நேரமும் நீலக் கொப்பியில் ஏறியது.

கடந்த வெள்ளி புஸ்பம் செய்த காரியம் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு அவளே மின்ஹாஜின் கடைக்குப் போனாள். சண்டைக் காலத்துக் கட்டளை இன்னும் மாறவில்லை. உள்ளே வருகிறவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், நேரம் எல்லாம் கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புஸ்பம் சந்தோசமாகப் போட்டாள், பத்து எழுத்தையும். மின்ஹாஜ் தங்கச்சியின் பக்கத்தைத் திறந்து கொடுத்தான். 'நான் அம்மாவின் கையை விட்டேன்' என்று கிடந்தது. அதன் கீழே முப்பத்தொரு பேர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள். 'அழாதே தங்கையே' என்று ஒருவர். 'உன்னைப்போல் மகள் வேண்டும்' என்று இன்னொருவர். முப்பத்தொன்றையும் விரல் வைத்து வாசித்தாள். அதற்குப் பிறகு, விசைகளில் தமிழ் எழுத்து ஒட்டியிருந்த அந்தக் கணினியில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தி, அரை மணித்தியாலத்தில் ஒரு வரி எழுதினாள்.

'நீ அண்டைக்கு அங்க இல்ல. கைய விட்டது நான்.'

எழுதிவிட்டுக் கூப்பிட்டாள். மின்ஹாஜ் வந்து எதையோ அமத்தினான். வரி போய்ச் சேர்ந்தது. நாற்பது ரூபாவைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடந்து வந்தாள்.

வீட்டில் சண்டை வரும் என்று சனி முழுக்கக் காத்திருந்தாள். ஞாயிறும் திங்களும் போயின. பிரஷாந்தி ஒன்றும் கேட்கவில்லை. வெட்கத்தில் விழுங்கிவிட்டாள் என்று புஸ்பம் நினைத்துக்கொண்டாள். எழுத ஒன்றுமில்லாமல் அந்த வெள்ளி தொடங்கி வியாழன் வரைக்கும் பிரஷாந்தி கணினிப் பக்கமே போகவில்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

இப்போது இந்த வெள்ளிக்கிழமை காலை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரி, தாய் சீதேவிப்பிள்ளை, அடுப்படி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பிரஷாந்தி கொப்பியும் கையுமாக வந்து நின்றாள். வீட்டில் கணினி இல்லாததால் பின்னூட்டங்களை அங்கேயே கையால் எழுதிக்கொண்டு வருவது அவள் வழக்கம். இரவெல்லாம் அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது. யாரோ ஒரு எரிச்சல் பிடிச்ச சனியன் தன் பக்கத்தில் வந்து எழுதிவிட்டுப் போயிருக்கிறது என்று தொடங்கினாள். அந்த வரியை வாசித்தாள். மீன் வெட்டிய கை நின்றது.

வேலைக்குப் போக உடுத்திக்கொண்டிருந்த புஸ்பம் திரும்பிப் பார்த்தாள்.

"ஆர் எழுதின எண்டு போடல்லயா?" என்று கேட்டாள்.

"அனானி எண்டு கிடக்கு. பேர் ஊர் இல்லாத ஆள். மூஞ்சியக் காட்டப் பயம்."

புஸ்பம் சேலை மடிப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். பெயர் இல்லையா? கொப்பியில் பத்து எழுத்தும் போட்டுத்தானே உள்ளே போனாள். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுதியது கையெழுத்துப் போட்டவளின் பெயரில் அல்லாமல் வேறு யார் பெயரில் போகும்? முகாமிலும் சங்கத்திலும் அரசாங்கக் கச்சேரியிலும் அப்படித்தான். பயந்தவளாம். வாழ்க்கையில் முதல் முதலாக அச்சில் ஒரு வரி எழுதி, அதற்குக் கிடைத்த பெயர் பயந்தவள்.

பிரஷாந்தி நிறுத்தவில்லை. அந்த ஒரு வரிக்குக் கீழே நாற்பத்தாறு பேர் வந்து எழுதியிருக்கிறார்களாம். பாதிப் பேர் அவளுக்குத்தான் ஏச்சு, பொய் எழுதினாய் என்று. மற்றவர்கள் எழுதியதை வாசிக்கும்போது அவள் குரல் மாறியது. சுவிஸில் இருந்து ஒருவர்: 'அனானி, நீங்கள் யாராக இருந்தாலும் எழுதுங்கள். இந்தப் பதிவு முழுவதிலும் இல்லாத ஒன்று உங்கள் ஒரு வரியில் இருக்கிறது.'

"என்ட எண்பத்தாறு பதிவுக்கும் ஒருத்தரும் இப்பிடி எழுதல்ல," என்றாள் பிரஷாந்தி. "ஒரு வரிக்கு எழுதிறாங்கள்."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று புஸ்பத்துக்கு உடனே விளங்கியது. ஒரு மாதமாகத் தன் நெஞ்சுக்குள் கிடந்து அரித்த அதே சாமான். அதைத் தங்கச்சியின் தொண்டையில் கேட்டபோது அவளுக்கு ஒள்ளுப்பம், கொஞ்சமேதான், இனித்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அது முடிய, மறுகா பிரஷாந்தி காசு கேட்டாள். பாதிக் கடனாவது கட்ட வேண்டும், கடைசியாக ஒரு பதிவு போட்டுவிட்டுப் பக்கத்தையே மூடிவிடப் போகிறாள். எழுதவும் ஒன்றுமில்லை, எழுதினாலும் ஏச்சு. அலுமாரிக் கடதாசியையும் கிழித்தாயிற்று.

புஸ்பம் உள்ளே எட்டிப் பார்த்தாள். கதவில் பசை ஒட்டிய அடையாளம் மட்டும் இருந்தது. ஒரு மாதமாக இதைத்தானே மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கிடைத்தபோது கையில் பிடிக்க ஒன்றுமில்லை.

நேற்று வாங்கிய வாரக் கூலியை முந்தானையில் முடிந்துகொண்டாள். "நட, நானும் வாறன்," என்றாள்.

படலையைத் தாண்டும்போது தாய் புஸ்பத்தை மட்டும் கூப்பிட்டாள். கையில் மீன் செதில். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"நீ விட்டது எனக்குத் தெரியும் புள்ள. என்ட கைதானே, எனக்குத் தெரியாதா."

புஸ்பம் நிலத்தைப் பார்த்தாள். ஐந்து வருடத்துக்கு மேலாக இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

"எழுதிறதெண்டா மறுகா என்ட கொண்டையப் புடிச்சு இழுத்ததையும் எழுதச் சொல்லு. ஒரு கிழமை தலை வலிச்சிது எனக்கு."

சொல்லிவிட்டுத் தாய் மீனுக்குத் திரும்பிவிட்டாள்.

பஸ்ஸில் புஸ்பம் யன்னலோரம் இருந்தாள். கடலலை கொண்டுவந்து தள்ளிய அந்தக் காலை புஸ்பத்தின் கண்ணுக்குள் ஓடியது. ஒரு கையில் கண்ணா மரத்துக் கொப்பு, மற்றக் கையில் அம்மா. இரண்டையும் பிடிக்க முடியவில்லை. அம்மாவை விட்டாள். அம்மாவின் தலை தண்ணீருக்குள் போனதும் கொப்பையும் விட்டாள். எவ்வளவு தூரம் போனாள் என்று தெரியாது. கையில் கொண்டை தட்டுப்பட்டது, பிடித்தாள். தங்கச்சிக்குச் சொல்லாமல் நிறுத்திவைத்த மிச்சக் கதை இதுதான். அதனால்தான் பிரஷாந்தியின் பதிவில் கையை விட்டதோடு கதை முடிந்து கிடந்தது.

மின்ஹாஜின் கடையில் நாலே கணினி. ஒன்றில் ஒரு தகப்பன் கட்டாரில் இருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்ட ஒரு மணித்தியாலம்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே மின்ஹாஜ் கொப்பியை எடுத்துப் பிரஷாந்தியின் முன்னால் வைத்தான். அவள் பழைய பக்கத்தைப் புரட்டினாள், தன் கணக்கைப் பார்க்க.

போன வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

பத்து இருபதுக்கு உள்ளே. பதினொன்று இருபத்தைந்துக்கு வெளியே. அடையாள அட்டை இலக்கம். பக்கத்தில் இரண்டு பேருடைய இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்தும் குறையாமல், 'இளையதம்பி புஸ்பம்'. அந்தப் பின்னூட்டம் வந்த நேரம் பதினொன்று பதினெட்டு என்று பிரஷாந்தியின் கொப்பியில் எழுதியிருந்தது.

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"நீயா?"

"நான்தான். பேர் போட்டுத்தானே எழுதினன். நீ பாத்துக்கொண்டிருக்கிறாய்தானே."

மின்ஹாஜ் தலையைச் சொறிந்தான். இந்தக் கொப்பி வேறு, அந்தப் பக்கம் வேறு என்று விளக்கினான். அக்காவுக்கு மின்னஞ்சல் கணக்கு இல்லாததால் அனானி என்பதை அமத்தியது தான்தான், அவ பேரைக் கேட்டிருக்க வேண்டும் என்றான். சொல்லிவிட்டு ஏதோ வேலை இருப்பதுபோல் உள் அறைக்குப் போய்விட்டான்.

பிரஷாந்தி அக்காவுக்குக் கிட்ட வந்தாள். கட்டாரோடு பேசுகிறவர் காதில் விழாதபடி பேசினாள்.

"நீ எண்டு எழுதினா, தாயக் கைவிட்டவள் எண்டு ஊர் ஒன்னத்தானே சொல்லும். அதான் நான் எண்டு போட்டன். பழி எனக்கு வரட்டும் எண்டு."

அதில் உண்மை இருந்தது. புஸ்பத்துக்கு அது தெரிந்தது. அதற்காகக் கோபம் போய்விடுமா? முப்பத்தொரு ஆறுதலையும் விரல் வைத்து வாசித்தவள் அவள்.

"பழிய எடுத்தாய், சரி. ஆறுதலையும் நீதானே எடுத்தாய்," என்றாள் புஸ்பம். "அஞ்சு வருசமா ராவில முழிச்சுக் கிடக்கிறது நான். அழாதே தங்கையே எண்டு ஒனக்கு எழுதிறாங்கள். எனக்கு ஒருத்தரும் சொல்லல்லயே புள்ள."

'நான்' என்று எழுதினால்தான் ஆட்கள் வாசிக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள் பிரஷாந்தி. அது இன்னொரு உண்மை.

புஸ்பம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மின்ஹாஜைக் கூப்பிட்டாள். ஆயிரத்து எழுநூற்று இருபதையும் எண்ணி மேசையில் வைத்தாள். பாதிதான் கேட்டேன் என்று அவன் சொன்னான். முழுவதையும் எடுக்கச் சொன்னாள்.

பிரஷாந்தியின் கண் கலங்கியது. அக்காவின் கையைப் பிடிக்க வந்தாள். புஸ்பம் கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒனக்காகக் கட்டல்ல. ஒன்ட கடன் நிக்கிற கொப்பியில என்ட பேரப் புதுசா எழுதேலாது. அதான். தம்பி, எனக்கும் அவள்ட மாதிரி ஒரு பக்கம் திறக்க வேணும். என்ட பேரில."

மின்ஹாஜ் சிவப்புப் பேனையை எடுத்து ஆயிரத்து எழுநூற்று இருபதின் மேல் ஓரம் தொட்டு ஓரம் கோடு இழுத்தான். 'தீர்ந்தது' என்று எழுதித் திகதி போட்டான். கொப்பியின் அடுத்த வெற்று வரியைப் புஸ்பத்திடம் நீட்டினான். அவள் குனிந்து பத்து எழுத்தையும் எழுதினாள். மேசை ஆடியதால் கடைசி 'ம்' சரிந்தது. அதை வெட்டிவிட்டுத் திரும்ப எழுதினாள்.

பிரஷாந்தி அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தாறு பேரில் பாதியாவது அனானிக்காகக் காத்திருக்கிறார்கள். அடுத்த வெள்ளி அவர்கள் எந்தப் பக்கத்துக்குப் போவார்கள் என்று கணக்குப் போட அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"எல்லாத்தையும் நீயே எழுதினா, நான் எதை எழுதிற?" என்றாள். சின்ன வயதில் மாம்பழத்தின் கொட்டைத் துண்டு கேட்டு அழுகிற அதே குரல்.

புஸ்பம் கணினிக்கு முன்னால் இருந்துகொண்டு 'இ' எங்கே என்று தேடினாள். கண்டுபிடித்து அமத்திவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"அண்டைக்கு நாவற்குடாவில நீ என்ன செய்து கொண்டிருந்தாய் எண்டு எழுது. மூணு நாள் கழிச்சுத்தானே எங்களத் தேடி வந்தாய். பஸ் ஓடல்ல எண்டு சொன்னாய். அடுத்த நாளே பஸ் ஓடினது எண்டு எனக்குத் தெரியும். நான் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல."

பிரஷாந்தி வாசலைப் பார்த்தாள். பக்கத்துக் கணினியில் கட்டார் மகன் எதற்கோ சிரித்தான்.

அவள் வெளியே போய்விடுவாள் என்று புஸ்பம் நினைத்தாள். போகவில்லை. அக்காவுக்குப் பக்கத்துக் கணினியின் முன்னால், முதுகை நேராக வைத்துக்கொண்டு, கதிரையின் நுனியில் இருந்தாள். கையை விசைகளின் மேல் வைத்தாள். எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

"தம்பி," என்று மின்ஹாஜைக் கூப்பிட்டாள். "எனக்கும் நேரம் போட்டுக்கொள்ளுங்க. இந்த முறை கையில காசு தாறன்."